நம்மூர் விளைச்சல், நம்மூர் அடுப்பு: தென்காசி எல்லைப் பகுதிக்கான கேள்வி–பதில்

பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் சந்தைகளில் காலையில் லாரி ஏறும் காய் அன்றைக்கே புளியரை தாண்டி, ஆரியங்காவு கணவாய் இறங்கி, புனலூர், கொல்லம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே ஊர்களின் மளிகைக் கடையில் விற்கும் எண்ணெய், பருப்பு, மல்லி, ஏன் அரிசியில்கூடப் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். விளைவிக்கிற பகுதி தன் சாப்பாட்டை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற நினைக்கும் விவசாயிகள், மகளிர் குழுக்கள், மெஸ் நடத்துபவர்கள், கடைக்காரர்கள் ஆகியோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் இருக்கும் தமிழர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கேரளத்துக்குத்தான் நல்லபடியாகக் காய் போகிறதே, உள்ளூர்ச் சந்தை எதற்கு?

கேரளச் சந்தையை விட வேண்டாம். பக்கத்திலேயே இவ்வளவு பெரிய வாங்கும் கூட்டம் கிடைப்பது நம் பகுதியின் பலம். ஆனால் அந்த ஒரே வாசலை நம்பி முழு விளைச்சலையும் வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் எந்தக் காய்க்கும் விலை உண்டு. ஓணம் முடிந்த மறுவாரம் அதே காயைக் கேட்க ஆளிருக்காது. அங்கே ஒரு ஹர்த்தால், மலைப்பாதையில் ஒரு மண்சரிவு, இரண்டு நாள் விடாத மழை, எது வந்தாலும் இங்கே ஏலத்தில் விலை விழுகிறது. பறித்த வெண்டைக்காய் அதுவரை காத்திருக்காது.

எனவே எங்கள் யோசனை அளவோடுதான். ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை, கூடிப்போனால் நாலில் ஒரு பங்கை, நிலையான விலையில் உள்ளூருக்கு என்று ஒதுக்கட்டும். மீதி வழக்கம்போல் மண்டிக்குப் போகட்டும். லாரி வராத நாளில் வீட்டுச் செலவைத் தாங்குவது இந்த ஒரு பங்குதான்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் என்ன பயிர் வைக்க வேண்டும்?

பயிரிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன: ஆர்வத்தில் பத்து வகைக் காய் விளைவித்துவிட்டு, பறிக்கும் நாளில் வாங்க ஆள் தேடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். உங்கள் ஊரிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் மெஸ்கள், கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள், விடுதிகள், அன்னதானம் நடக்கும் கோயில்கள், பள்ளிச் சமையல்கூடங்கள், குற்றாலத்து ஓட்டல்கள் என்று நேரில் போய் ஏழு கேள்வி கேளுங்கள்: என்ன காய், எத்தனை கிலோ, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள், எந்த அளவுப் பருமன், இப்போது என்ன விலை கொடுக்கிறீர்கள், எத்தனை நாளில் பணம் தருவீர்கள்.

சாம்பார், கூட்டு, பொரியலோடு ஒரு சாப்பாட்டுக்கு 150 முதல் 200 கிராம் காய் பிடிக்கும். நூறு சாப்பாடு போடும் மெஸ்ஸுக்கு நாளுக்கு 15–20 கிலோ. இந்தக் கணக்கை அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னது இதைவிட மிக அதிகமாக இருந்தால் வாய்ச்சொல்லாக இருக்கலாம்.

பள்ளிச் சமையல்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் விரிந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று தமிழ்நாட்டில் பள்ளி அடுப்பு வலுவாக எரிகிறது. ஆனால் சத்துணவில் காய்கறிக்கென்று கிடைப்பது சிறு தொகைதான். ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல காய் போக வேண்டும் என்பதற்காக அவசியம் கொடுங்கள். மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் அதை நம்பி வைக்காதீர்கள்.

வாராவாரம் 50 வீட்டுக்குத் தலா ஒரு பை காய் கொடுக்க எவ்வளவு விதைக்க வேண்டும்?

ஒரு வீட்டுக்கு வாரம் 6 கிலோ என்று வைத்தால் மொத்தம் 300 கிலோ. ஒரே ஆள் தோட்டத்தில் இதை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆறேழு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு காய்க்குக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம், மற்றதை இதே முறையில் போட்டுக்கொள்ளலாம்.

தண்டுக்கீரை: பைக்கு இரண்டு கட்டு, கட்டு 250 கிராம் என்றால் வாரம் 100 கட்டு, அதாவது 25 கிலோ. ஹெக்டேருக்கு 10 டன் விளைச்சல் என்பது சென்டுக்கு 40 கிலோ. ஏட்டுக்கணக்கில் முக்கால் சென்ட்கூடத் தேவைப்படாது. ஆனால் முளைப்பு ஒருசீராக இராது, ஓரத்துப் பாத்தி குட்டையாக நிற்கும், மழை அடித்தால் இலையெல்லாம் சேறாகும். எனவே வாரத்துக்கு 2 சென்ட் விதையுங்கள். விதைத்து 28 நாளில் பிடுங்கலாம். வளர்ந்துகொண்டிருக்க நாலு பாத்தி, அடுத்து விதைக்கத் தயாராக ஒரு பாத்தி என ஐந்து பாத்திக்கு 10 சென்ட் போதும். விதை சென்டுக்கு 10 கிராம்தான். அதைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவவில்லை என்றால் ஓரிடத்தில் குப்பையாகவும் இன்னோரிடத்தில் வழுக்கையாகவும் முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிஞ்சு நாற்று மண்ணோடு படுத்துவிடும். அந்த ஆறேழு வாரத்துக்கு முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி கொடுப்போம் என்று வாங்குபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெண்டை: பைக்கு அரைக்கிலோ, வாரம் 25 கிலோ. ஹெக்டேருக்கு 12 டன் என்றால் சென்டுக்கு 48 கிலோ. அதை ஏழு வாரம் பறிக்கிறோம், எனவே சென்டுக்கு வாரம் 7 கிலோ. மூன்றரை சென்ட் போதும் என்று கணக்கு சொல்லும். மஞ்சள் நரம்புத் தேமல் நோய் விழுந்தால் பாதிச் செடி போய்விடும் என்பதால் 5 சென்ட் வையுங்கள். 45-ஆம் நாள் முதல் பறிப்பு வரும். 45 நாளுக்கு ஒருமுறை புதிதாக 5 சென்ட் விதைத்தால் ஒன்று ஓயும்போது அடுத்தது கைகொடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். மூன்றாம் நாளுக்குப் போனால் நாரோடிய காயைத்தான் பையில் போடுவீர்கள், அடுத்த வாரம் அந்த வீட்டில் பை வேண்டாம் என்பார்கள்.

விலையை எப்படி வைப்பது?

வெண்டையை வைத்தே ஓர் உதாரணக் கணக்கு. மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது. கமிஷன் பத்து சதவீதம் 2 ரூபாய், வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 2 ரூபாய், கழிவு என்று கழிப்பது 1 ரூபாய். கைக்கு வருவது 15. அதே காய் சில்லறைக் கடையில் 40.

நேரடியாக 30 ரூபாய்க்குக் கொடுத்தால் 15 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைப்பதுதான் தப்புக்கணக்கு. வண்டிக்கு 3, தரம் பிரித்துப் பையில் போடும் ஆளுக்கு 3, பைக்கும் டிரே தேய்மானத்துக்கும் 1, விற்காமல் மீந்து வீணாவது பத்து சதவீதம் என 3. மொத்தம் 10 ரூபாய் போக, விவசாயி கைக்கு 20. மண்டியைவிட 5 ரூபாய் கூடுதல், வாங்குபவருக்குக் கடையைவிட 10 ரூபாய் குறைவு. இது நேர்மையான கணக்கு. ஆள் கூலியையும் வீணாவதையும் கணக்கில் எழுதாமல் விட்டால் தாளில் 26 ரூபாய் தெரியும். கூலி வாங்காமல் காய் பிரித்துக் கொடுக்கும் அந்த ஒருவர் ஆறாவது மாதம் சோர்ந்துபோய் நிறுத்துவார், அதோடு எல்லாம் நின்றுவிடும். பெரும்பாலும் அந்த ஒருவர் வீட்டுப் பெண்ணாக இருப்பார். அவருக்கும் கூலி எழுதுங்கள்.

இன்னொன்று: கிலோவுக்கு 3 ரூபாய் வண்டிச் செலவு என்பது ஒரு நடைக்கு 300 கிலோ ஏறினால்தான். 900 ரூபாய் வாடகையில் 150 கிலோ மட்டும் போனால் அதுவே 6 ரூபாயாகிவிடும், விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் பெரும்பாலும் டீசலில் போய்விடும். வாரத்துக்கு மூன்று நடையைவிட நிறைந்த ஒரு நடை மேல்.

மண்டியில் விலை ஏறிய வாரம் நம் ஆளே காயைத் தராமல் அங்கே கொண்டுபோகிறாரே?

போகத்தான் செய்வார். பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதியை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு விலை பேசுங்கள். விவசாயி கைக்கு 20 ரூபாய் என்று பேசினால், மண்டி விலை 14-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே ஆடினாலும் பேசிய விலையில் மாற்றமில்லை. 30-ஐத் தாண்டினால், தாண்டியதில் பாதியைச் சேர்த்துக் கொடுங்கள். மண்டியில் 40 என்றால் இங்கே 25. 14-க்குக் கீழே விழுந்தாலும் 20-ஐக் குறைக்காதீர்கள். வாங்குபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். விலை ஏறிய வாரத்தில் அவர்களுக்கு லாபம், விழுந்த வாரத்தில் விவசாயிக்குப் பாதுகாப்பு.

ஏறும் வாரத்துக்கான பணம் எங்கிருந்து வரும்? கிலோவுக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். வாரம் 300 கிலோ என்றால் வருடத்தில் 15,600 ரூபாய் சேரும். சொல்லாமல் இரண்டு முறை காய் தராமல் விட்டவரின் இடம் அந்தப் பருவத்துக்கு அடுத்தவருக்குப் போகும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கிறோம் என்பதால் இந்த விதியை ஏற்பதில் யாருக்கும் பெரிய சங்கடம் இருக்காது.

குறைந்த காயை மண்டியில் வாங்கி நிரப்பாதீர்கள். ஒருமுறை செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும். "இந்த வாரம் கத்தரி இல்லை, பதிலுக்குத் தடியங்காய்" என்று துண்டுச்சீட்டு வைத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

உழவர் சந்தையில் கடை போட என்ன வேண்டும்?

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. நம் மாவட்டத்தில் தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் இருக்கிறது. கமிஷன் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசு அவர்களே தருவார்கள். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் வரும்படி அன்றன்று விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். அடையாள அட்டைக்கு நிலம், பயிர் விவரத்தோடு விண்ணப்பித்தால் வேளாண் வணிகத் துறையினர் வயலைப் பார்த்துவிட்டுத் தருவார்கள். புதுப் பயிர் வைத்ததும் அட்டையில் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டையில் இல்லாத காயை எடுத்துப்போய் வாசலில் வாக்குவாதம் செய்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

கம்பெனியாகப் பதிவு செய்தால்தான் மதிப்பா?

அவசரப்பட வேண்டாம். முதல் வருடம் 10–15 பேர் கொண்ட குழு, ஒரு கூட்டு வங்கிக் கணக்கு, ஒரு கணக்கு நோட்டு போதும்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியைச் சட்டப்படி பத்து விவசாயிகள் சேர்ந்தே தொடங்கலாம். இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். தொடங்குவது சுலபம், நடத்துவதில்தான் செலவு. ஆடிட்டர், ஆண்டுப் பொதுக்கூட்டம், ஆண்டுக் கணக்குத் தாக்கல் எல்லாம் விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும். கணக்குப் படிவமும் ஆண்டறிக்கைப் படிவமும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு வருடம் மறந்தால் எழுபதாயிரத்தைத் தாண்டும். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தின் இலக்கு 2025-இல் எட்டப்பட்டுவிட்டது. எனவே புதிதாக ஒன்று தொடங்குவதைவிட, பக்கத்தில் ஏற்கெனவே பதிவாகி இயங்காமல் கிடக்கும் கம்பெனியில் உறுப்பினராகச் சேர்ந்து அதை உயிர்ப்பிப்பது நல்லது. சேருமுன் கடைசி இரண்டு வருடத் தணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கினால் சேர வேண்டாம்.

மீந்த காயை என்ன செய்வது?

காய்க்குக் காய் வேறு.

கீரை, வெண்டை, கத்தரி ஓரிரு நாள் தாங்க வேண்டும் என்றால் செங்கல் குளிர்கூடம் கட்டலாம். மின்சாரம் வேண்டாம். 165-க்கு 115 சென்டிமீட்டர் செங்கல் தரை, அதன்மேல் இரட்டைச் சுவர், சுவர்களுக்கு இடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, உயரம் 67.5 சென்டிமீட்டர். இடைவெளியில் சலித்த ஆற்றுமணலை நிரப்பிக் காலையும் மாலையும் நனையுங்கள். மேலே நனைத்த சாக்கு, அதற்கு மேல் கீற்றுக் கூரை. சுமார் 100 கிலோ கொள்ளும். மாசியிலிருந்து சித்திரை வரை வறண்ட காற்றில் அருமையாகக் குளிரும். ஆனி, ஆடி சாரலில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் பெரிதாக இருக்காது. அந்த மாதங்களில் அதை நம்ப வேண்டாம்.

தக்காளியில் உள்ளூருக்குத் தனி அனுகூலம் உண்டு. லாரிக்கு நிறம் திரும்பும்போதே பறிக்க வேண்டும். 10 கிலோமீட்டர் தூரத்துக்குச் செடியிலேயே சிவந்ததைப் பறித்துக் கொடுக்கலாம், ருசியில் வித்தியாசம் தெரியும். டிரேயில் 20 கிலோவுக்குமேல் அடுக்காதீர்கள், அடித்தட்டு நசுங்கிச் சாறு விட்டால் மேலே இருப்பதும் அழுகும்.

சின்ன வெங்காயத்தைக் குளிர்கூடத்தில் வைக்கவே கூடாது, ஈரத்தில் அழுகிவிடும். அதற்குப் பட்டறை எனும் காற்றோட்டமான சேமிப்புக் கொட்டில்தான். தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி, அடியிலும் பக்கத்திலும் காற்று நுழையும்படி மூங்கில் அல்லது சவுக்குக் கட்டை வைத்துக் கட்டுங்கள். அகலம் 4–5 அடிக்குமேல் போனால் நடுவில் வெக்கை கட்டிப் புழுங்கும். பட்டறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வயலில் செய்த தவறை அது திருத்தாது. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். கடைசி நேரத்தில் யூரியா போட்டால் காய் பருக்கும், கழுத்தும் தடிக்கும். தடித்த கழுத்து காயாமல் அந்த வழியாகவே அழுகல் இறங்கும். பிடுங்கியதும் தாள் காயை மூடும்படி வரிசையாகப் போட்டு மூன்று முதல் ஐந்து நாள் வயலில் உலர்த்துங்கள். பிறகு நிழலில் ஒரு வாரம் ஆறவிட்டு, கழுத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தாளை அறுங்கள். ஒட்ட அறுத்தால் வெட்டுவாய் வழியே பூசணம் புகும்.

வத்தல் போடுவதற்குக் கணக்குப் பார்த்து இறங்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் உள்ள காய் 10 கிலோ காய்ந்தால் சுமார் 1 கிலோ 100 கிராம் வத்தல். அதாவது, காய் கிலோ 10 ரூபாய் என்றால் வத்தலில் காய்க்கு மட்டும் கிலோவுக்கு 90 ரூபாய்க்கு மேல் அடங்கியிருக்கிறது. கூலி, உப்பு, பை அதற்கு மேல். சீனியவரை (கொத்தவரை) 10 ரூபாய்க்குக் கீழே விழுந்த வாரத்தில் வத்தல் போடுங்கள், 25 விற்கும்போது வேண்டாம். உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியெடுத்து, வலைக்கு அடியில் காயவையுங்கள். ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஒரு மாதத்தில் பூசணம். வெயில் சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும், ஆறிய பிறகே கட்டுங்கள்.

செக்கு எண்ணெய், அரிசி: இவற்றில் லாபம் உண்டா?

எண்ணெயில் உண்டு. நன்கு காய்ந்த கொப்பரை 10 கிலோவுக்குச் சுமார் 6 கிலோ எண்ணெய் வரும், எள்ளுக்கும் கடலைப் பருப்புக்கும் சுமார் 4 கிலோ. மீதியில் பெரும்பகுதி பிண்ணாக்கு. மாடு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பிண்ணாக்கை விற்கும் ஏற்பாடு இல்லாமல் செக்கு ஓட்டினால் கையைக் கடிக்கும். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்குமேல் இருந்தால் எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். பூசணம் பிடிக்காமல் இருக்க கந்தகப்புகை போட்ட கொப்பரையைச் சாப்பாட்டு எண்ணெய்க்கு வாங்கவே வாங்காதீர்கள். சமையல் எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து அளந்து ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதியில் தடை இருக்கிறது. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும்.

அரிசி கடினம். நெல் கிலோ 25 என்றால் 100 கிலோ 2,500 ரூபாய், அவித்து அரைக்கச் சுமார் 300 ரூபாய். 62 கிலோ அரிசி கிடைத்தால் கிலோ 45 ரூபாய் அடக்கம், பையும் வண்டியும் சேர்த்தால் 48. சாதாரண ரகத்தில் கடை அரிசியோடு இந்த விலையில் மோத முடியாது. மக்கள் பெயர் சொல்லிக் கேட்கும் பாரம்பரிய ரகம், அல்லது இட்லி அரிசி, பச்சரிசி மாவு என்று போனால்தான் நிற்கும். பிசான நெல் பருவத்தில் ஒரு ஏக்கரில் மட்டும் முயன்று பாருங்கள்.

என்னென்ன உரிமம் வேண்டும்?

தன் வயலில் விளைந்த காயை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வத்தல், எண்ணெய், மாவு, ஊறுகாய், தோல் சீவி நறுக்கிய காய் என்று கைபட்டதும் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி (பேட்ச்) எண், முகவரி, விலை, சைவப் பச்சைக் குறி இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். தேதி தாண்டிய தராசில் சரியாக நிறுத்தாலும் அபராதம் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் நேரடியாக விற்க முடியுமா?

முடியும். பச்சைக் காய்க்கு ஜிஎஸ்டி இல்லை, சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் என்னும் இணையச் சீட்டும் தேவையில்லை. கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனமே தென்காசி மாவட்ட உற்பத்தியாளர் அமைப்புகளிடம் நேரடியாகக் காய் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் சிறு கடைகளோடு வாரம் இருமுறை என்று பேசிக்கொள்வது ஒரு குழுவுக்குக் கட்டுப்படியாகும்.

அங்கே உண்மையான கேள்வி பூச்சிமருந்துதான். 2015 முதல் தமிழ்நாட்டுக் காயில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேரளத்தில் கடுமையாகப் பார்க்கிறார்கள். வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகம் தொடர்ந்து சோதித்துவருகிறது. இதைக் கெடுபிடி என்று கோபப்பட வேண்டாம், அதே காயைத்தான் நாமும் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு வயலுக்கும் தெளிப்பு நோட்டு வையுங்கள்: தேதி, மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி, அடுத்த பறிப்புத் தேதி. தெளித்த பின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பது மருந்து டப்பாவிலேயே இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் வெண்டையில், ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அடிக்க வழியே இல்லை. காய்ப்புத் தொடங்கிய பிறகு வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு வாருங்கள். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளியுங்கள். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும்.

‘இயற்கை விளைச்சல்’ என்று எழுதி விற்கலாமா?

சிறு விவசாயி நேரடியாகச் சாப்பிடுபவருக்கே விற்கும்போது சான்றிதழ் இல்லாமல் சொல்ல விதி இடம் தருகிறது, ஆனால் அரசின் இயற்கை உணவு முத்திரையைப் போடக் கூடாது. கடை வழியாக விற்றால் சான்று கட்டாயம். ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பங்கேற்புச் சான்றுமுறை செலவு குறைந்தது. அதுவரை "காய்க்கத் தொடங்கிய பின் மருந்தடிக்கவில்லை" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

சிறுகிழங்கை உள்ளூரில் விற்று ஆகுமா?

ஆகும். நம் பக்கத்தின் தனிச்சொத்து அது. ஆடி, ஆவணியில் கொடி நட்டால் மார்கழி, தையில் கிழங்கு. பொங்கப்படிக்கு (மகளுக்குக் கொடுக்கும் பொங்கல் சீருக்கு) சிறுகிழங்கு வாங்காத வீடு இங்கே குறைவு, கேரளத்தில் ‘கூர்க்கை’ என்று தேடி வாங்குகிறார்கள். ஆனால் பொங்கல் முடிந்ததும் உள்ளூர் விற்பனை சட்டென்று படுத்துவிடும். காரணம் விலையில்லை, தோல். சுண்டுவிரல் கிழங்கை ஒவ்வொன்றாகச் சுரண்டினால் நகமெல்லாம் கறுக்கும், வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கு நேரமில்லை.

இங்கே மகளிர் குழுவுக்கு வேலை இருக்கிறது. பருமன் வாரியாகப் பிரித்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச்சாக்கில் ஐந்து கிலோ அளவில் கட்டி, சொரசொரப்பான கல்மேல் உருட்டித் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் உரிந்துவிடும். கண்ணுள்ள இடத்தை மட்டும் கத்தியால் எடுத்தால் போதும். பிஞ்சையும் பெரியதையும் கலந்து உருட்டினால் பெரியது உரிவதற்குள் பிஞ்சு நசுங்கிவிடும். உரித்ததைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ மெஸ்ஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெளியில் வைத்தால் கறுக்கும். உரிக்காத கிழங்கை மண்ணோடு நிழலில் பரப்பி வையுங்கள். கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும்.

மெஸ்காரர், கடைக்காரர் கடன் சொல்கிறார். என்ன செய்ய?

கடனே இல்லை என்று சொன்னால் வியாபாரம் நடக்காது. ஏழு நாள் தவணை கொடுங்கள், பத்தாம் நாளும் வரவில்லை என்றால் அடுத்த லோடு நிற்கும் என்று முதல் நாளே சொல்லுங்கள். விவசாயிக்கு அந்தந்த வாரமே பணம் போக வேண்டும். வாரம் 300 கிலோ, கிலோவுக்கு 20 என்றால் 6,000 ரூபாய். வாங்குபவர்கள் பதினைந்து நாள் இழுத்தாலும் தடைபடாமல் ஓட 18,000 ரூபாய் சுழல்நிதி கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்காதீர்கள். 15 பேர் ஆளுக்கு 1,200 போட்டால் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் எடை எழுதிய சீட்டு மூன்று பிரதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்: ஒன்று அவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று கணக்குக்கு. ‘விற்றால் பணம், இல்லாவிட்டால் காயைத் திருப்பி எடு’ என்னும் பேச்சுக்கு இணங்க வேண்டாம், வாடிய காயெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

சீசனில் குற்றாலத்து ஓட்டல்கள் அள்ளிக்கொள்கின்றனவே, அப்போது வீட்டுப் பைகளை நிறுத்தலாமா?

கூடாது. சாரல் மாதங்களிலும், ஐயப்பமார் வரும் கார்த்திகை, மார்கழியிலும் ஓட்டல்களின் தேவை பெருகும் என்பது தெரிந்ததுதான். அதற்கென்று 60–70 நாள் முன்பே தனியாக விதையுங்கள். வருடம் முழுக்க வாங்கும் வீட்டை இரண்டு மாத ஓட்டலுக்காகக் கைவிட்டால், தை பிறந்ததும் இரண்டும் இருக்காது.

டிரே திரும்பி வருவதே இல்லை.

எல்லாரும் சொல்லும் குறை இது. 300 கிலோவுக்கு, டிரேக்கு 15 கிலோ வீதம் 20 டிரே. ஆனால் வயலில் ஒரு செட், வண்டியில் ஒரு செட், வாங்குபவரிடம் ஒரு செட் என்று 60 வேண்டும். குறைவாக வாங்கிவிட்டுப் பறிக்கும் நாளில் சாக்கைத் தேடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பெயின்டில் எண் எழுதி, எடைச் சீட்டிலேயே அந்த எண்ணைக் குறியுங்கள். பழைய டிரே வண்டியில் ஏறிய பிறகுதான் புதிய டிரே இறங்க வேண்டும். வரவில்லை என்றால் காயைக் கடைக்காரரின் கூடையில் கொட்டிக் கொடுத்துவிட்டு டிரேயைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். வந்ததைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பின்பே அடுத்த பறிப்புக்கு எடுங்கள். முந்தின வாரத்துத் தக்காளிச் சாறு மூலையில் ஒட்டியிருந்தால் இந்த வாரத்துக் காயும் அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும்.